வெயிலின் மேல் போட்ட பழி

கோடையில் ஏரித் தண்ணீர் பச்சையாகத் திரண்டு வாடை அடித்தால் அதற்கு ஒரு விளக்கம் எப்போதும் கைவசம் இருக்கிறது: 'வெயில் ஜாஸ்தி, அதான் பாசி புடிச்சிருச்சு.' குடிநீர்ப் பொறியாளரும் இதைத்தான் சொல்வார். தெருக்குழாயில் குடத்தோடு நிற்பவரும் இதைத்தான் சொல்வார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டையை ஒட்டிய தாங்கல் ஒன்று பச்சைச் சாயம் கரைத்துவிட்ட மாதிரிக் கிடந்ததைப் பற்றி நான் விசாரித்தபோதும், "கரையில ஒரு மரம் கெடையாது சார், வெயிலு நேரா எறங்குது, பாசி புடிக்காம இன்னா பண்ணும்" என்றார்கள். இது பொய் என்று சொல்ல முடியாது. ஒளி இல்லாமல் பாசி இல்லை. ஆனால் ஒரு வாக்கியம் உண்மையா என்பதோடு, அந்த உண்மை யாருக்காக வேலை செய்கிறது என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. வெயிலுக்கு விலாசம் கிடையாது. அதன் பேரில் கலெக்டரிடம் மனுக் கொடுக்க முடியாது. ஒளிக்கும் பாசிக்குமான உறவைப் பற்றிய அறிவு எங்கெங்கே, எந்தத் தேவைகளுக்காக உண்டாயிற்று, அது திருவள்ளூர் மாவட்டத்துத் தண்ணீர் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

முதலில் சொல்லைப் பற்றி. கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசிதான், ஏரியில் மிதக்கும் திரையும் பாசிதான், மழைக்குப் பின் மதில்மேல் படர்வதும் பாசிதான். தாவரவியல் இதைக் கூறுபோடுகிறது. குளோரெல்லா, ஸ்பைரோகைரா, வால்வாக்ஸ், செனடெஸ்மஸ் முதலானவை பச்சைப் பாசிகள். நீலப்பச்சைப் பாசி என்று பேர் வாங்கியவை உண்மையில் பாக்டீரியாக்கள். ஏரித் தண்ணீரில் மண்வாடைக்கும் சிலசமயம் நஞ்சுக்கும் பெரும்பாலும் காரணம் இவைதான். இரண்டுக்கும் இடையே ஒளிக்கான போட்டி உண்டு. நீலப்பச்சையில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில இனங்கள் தம் உடலுக்குள் காற்றுப்பைகளை வைத்துக்கொண்டு மேலே மிதந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கீழே இருக்கும் பச்சைப் பாசிகளுக்கு எஞ்சியது நிழல். (மேலே மிதப்பது கீழே இருப்பதற்கு வெளிச்சத்தை மறைக்கும் இந்த ஏற்பாட்டை விளக்க நமக்கு உவமை தேடி அலையவேண்டியதில்லை.) பச்சைப் பாசி எப்போதும் பச்சையாக இருக்கும் என்பதும் இல்லை. உப்பளத்தில் வாழும் டுனாலியெல்லா கடும் ஒளியில் பீட்டா கரோட்டினைத் திரட்டிக் குடையாகப் பிடித்துக்கொண்டு சிவந்து போகிறது. வெளிச்சம் அதற்குச் சாப்பாடு, அளவு மீறினால் ஆபத்து.

பட்டணத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதையை இந்த ஒளியின் கதையாகவும் படிக்கமுடியும். 1866ல் பிரேசர் என்ற அரசாங்கப் பொறியாளர் செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவருவது பற்றி ஆராய்ந்தார். 1872ல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. புழல் ஏரி பட்டணத்தின் குடிநீர்த் தொட்டியானது அப்படித்தான். தண்ணீர் திறந்த மண்வாய்க்காலில் தன்போக்கில் ஓடிவந்து கீழ்ப்பாக்கத்தில் கட்டிய கிணற்றுத் தொட்டியில் விழும். அங்கிருந்து வடிகட்டாமலே வார்ப்பிரும்புக் குழாய்களில் தெருவுக்குப் போகும். 1914ல், மேட்லி என்ற பொறியாளரின் காலத்தில், எல்லாம் மாறிற்று. திறந்த வாய்க்காலுக்குப் பதில் நிலத்தடியில் மூடிய கட்டுக்கால்வாய். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள். வடிகட்டிய தண்ணீருக்கு நிலத்தடித் தேக்கம். உயரத்தில் இரும்புத் தொட்டி. ஊராரின் கை, மாட்டின் கால், சூரியன் ஆகிய மூன்றையும் ஒரே கட்டுமானம் வெளியே நிறுத்திவிட்டது. சுத்தம் பற்றிய காலனியச் சொல்லாடலில் அசுத்தம் செய்கிறவர்களின் பட்டியலில் வெயிலும் சேர்ந்தது இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. தண்ணீரைத் தொடக்கூடாதவர்கள் என்று ஒரு பட்டியலை ஏற்கனவே வைத்திருந்த சமூகத்துக்கு இதை ஏற்றுக்கொள்வதில் சிரமம் ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் வெயிலை முழுசாகத் தள்ளிவைக்கவும் முடியவில்லை. மணல் வடிகட்டி என்பது வெறும் மணல் கிடையாது. மணலின் மேல் படியும் கொழகொழப்பான தோல்தான் நிஜமான வடிகட்டி. அதில் பாக்டீரியாவும் பாசியும் சேர்ந்து வாழ்கின்றன. திறந்த வடிகட்டியில் பகலில் பாசி விடும் ஆக்சிஜன் அந்தத் தோலை உயிரோடு வைக்கிறது. அதே பாசி அளவு மீறினால் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. ஆகவே பொறியாளர் வெயிலை ஒரு கையால் கூப்பிட்டு மறு கையால் துரத்தவேண்டியிருந்தது. துரத்துவதற்கான மருந்தும் அப்போது கிடைத்திருந்தது. 1904ல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர், நீர்த்தேக்கங்களில் மயில்துத்தம் கலந்து பாசியைக் கொல்லும் முறையை வெளியிட்டார்கள். நாற்றங்காலில் பாசி படர்ந்தால் மயில்துத்தத்தைச் சாக்கில் முடிந்து வாய்மடையில் போடும் வழக்கம் நம் விவசாயிகளுக்கும் உண்டு. வந்த பாசியை அது கொல்லும். ஏன் வந்தது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அந்தக் கேள்வியை ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் வேறு காரணங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தன. 1882ல் எங்கெல்மன் என்ற ஜெர்மானியர் ஒரு பச்சைப் பாசி இழையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதன்மேல் வானவில்லைப் போல் பிரித்த ஒளியை விழச்செய்தார். ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களைப் பக்கத்தில் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் போய் மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் கூட்டமில்லை. பாசி வேண்டாமென்று திருப்பி அனுப்பும் நிறத்தைத்தான் நாம் அதன் நிறம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்! 1919ல் ஆட்டோ வார்பர்க் குளோரெல்லாவை ஒளிச்சேர்க்கை ஆய்வுக்குள் கொண்டுவந்தார். ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் உண்டாக எத்தனை ஒளித்துகள் வேண்டும்? நாலு போதும் என்றார் வார்பர்க். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வேண்டும் என்றார் அவருடைய மாணவர் ராபர்ட் எமர்சன். இந்தச் சண்டை பல வருஷங்கள் நீண்டது. எமர்சன் சொன்னதுதான் நின்றது. (இந்த எமர்சன், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த மான்சனார் முகாமில், அடைபட்டிருந்தவர்களோடு சேர்ந்து ரப்பர் தரும் குவாயூல் செடியை ஆராய்ந்தவர். வார்பர்க்கோடு மல்லுக்கு நின்றதைவிட அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.)

நம் விஷயத்துக்கு முக்கியம் எமர்சனும் ஆர்னால்டும் 1932ல் வெளியிட்ட சோதனை. குளோரெல்லாமேல் கணநேர ஒளிவெட்டுகளைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். எவ்வளவு பலமான வெட்டாக இருந்தாலும் சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுதான் வெளிவந்தது. ஒளியைப் பிடிப்பது சட்டென்று முடிந்துவிடுகிறது. பிடித்ததை வைத்துச் செய்யவேண்டிய ரசாயன வேலைதான் மெதுவாக நடக்கிறது. ரேஷன் கடையில் எத்தனை பேர் முண்டினாலும் பில் போடுகிறவர் ஒருத்தர்தானே. சென்னையில் வானம் தெளிந்த நண்பகலில் தரையில் விழும் ஒளி சுமார் 1 லட்சம் லக்ஸ். குளோரெல்லா போன்ற பாசிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே தெவிட்டிவிடுகிறது. மீதியெல்லாம் வெப்பமாக வீணாகிறது. அதற்கும் மேலே போனால் ஒளிச்சேர்க்கைப் பொறியே பழுதாகிறது. பாசி தன் நேரத்தை அதைச் செப்பனிடுவதில் கழிக்கவேண்டியதுதான். ஒளிக்கணக்கு மட்டும் பார்த்தால் மார்கழி வெயிலே பாசிக்குத் தாராளம்.

அப்படியானால் கோடையில் ஏன் பெருகுகிறது? இங்கே நம் மொழி ஒரு முடிச்சைப் போட்டுவைத்திருக்கிறது. 'வெயில்' என்று நாம் சொல்வதில் ஒளியும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. சூடு ஏறினால் பாசியின் ரசாயன வேலை வேகமாகும், அதிலும் நீலப்பச்சைக்குச் சூடு பிடிக்கும். ஏரியின் மட்டம் இறங்கும்போது ஒளி அடிவரை எட்டும். வடகிழக்குப் பருவமழையில் செம்மண் கலந்து வந்த தண்ணீர் தெளிந்துபோவதும் சேர்ந்துகொள்கிறது. செங்குன்றத்துப் பேரே அந்த மண்ணைச் சொல்கிறது. கலங்கல் இருக்கிறவரை தண்ணீருக்குள் இருட்டு; வண்டல் அடங்கினபின்தான் வெளிச்சம் இறங்கும். மட்டம் இறங்குவதற்கும் தண்ணீர் குறுகித் தழை, மணி உரச் சத்துகள் செறிவதற்கும் எவ்வளவு இறைத்தார்கள், என்ன கலந்தது என்பதெல்லாம் காரணம். எல்லாவற்றையும் சேர்த்து 'வெயில்' என்று ஒரே சொல்லில் கட்டும்போது இந்தக் காரணங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

எமர்சனின் ஒளிவெட்டு வெளியான அதே 1932ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார் ஃபிரிட்ஷியெல்லா என்ற புதிய பச்சைப் பாசியை உலகுக்கு அறிவித்தார். லண்டனில் தன்னோடு வேலை செய்த ஃபிரிட்ஷின் பேரை அதற்கு வைத்தார். ஈரம் காய்கிற சேற்றில் வாழ்வது இது. ஒரு பகுதி மண்ணுக்குள் இருட்டில் கிழங்குபோல் கிடக்கும். இன்னொரு பகுதி மேலே ஒளிக்கு எழும்பும். பச்சைப் பாசி எப்படித் தரைக்கு ஏறியிருக்கும் என்பதற்கு உதாரணமாக இதைப் பாடநூல்கள் இன்றும் காட்டுகின்றன. குளம், குட்டை, சேறு என்று அலைந்து பார்த்த இந்த மரபிலிருந்து வந்த ஒரு கட்டுரை என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்கிறது. எஸ்.வி. கணபதி 1940ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதியது: மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாகப் பூத்துக்கிடக்கும் ஒரு கோயில் குளத்தின் சூழலியல். இதில் 'நிரந்தரம்' என்ற வார்த்தையைக் கவனிக்கவேண்டும். வெயில்தான் காரணம் என்றால் ஆடிக்கும் தைக்கும் பாசி வந்து போகவேண்டும். வடிகால் இல்லாத தண்ணீரில் நாள்தோறும் பூவும் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்துகொண்டிருந்தால் எந்த மாத வெயிலும் போதுமானதாகிவிடும். தெய்வத்தின் பேரால் தண்ணீருக்கு உரம் போடும் ஏற்பாடு என்று இதை நான் வாசிக்கிறேன். கணபதி அப்படிச் சொல்லவில்லை, அது என் வாசிப்பு.

இந்த வாசிப்புக்கு ஆய்வுப்பூர்வமான சாட்சி முப்பது வருஷங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்தது. 1970 வாக்கில் அமெரிக்காவில் ஏரிகள் பச்சையாவதற்குச் சோப்புத்தூளில் இருக்கும் பாஸ்பரஸ்தான் காரணம் என்ற பேச்சு எழுந்தது. காரணம் கார்பன்தான் என்று சோப்புத்தூள் தொழில் தரப்பு வாதாடியது. 1973ல் டேவிட் ஷிண்ட்லர் ஒன்டாரியோவில் 226 என்ற எண் கொண்ட ஏரியின் குறுக்கே ஒரு திரையைக் கட்டினார். ஒரு பக்கத்தில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார். மறுபக்கத்தில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்துப் போட்டார். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பாசியில் பச்சையாகிற்று. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகம் பூராவும் சுற்றியது. ஒரே ஏரி, ஒரே வானம், ஒரே சூரியன். திரைக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவுமா வெயில் அடித்தது?

வெயிலைக் குற்றவாளியாக்குவது ஒரு கதையாடல். வெயிலைச் செல்வமாக்குவது அதன் மறுபக்கம். 1951ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கட்டடத்தின் கூரைமேல் குளோரெல்லா வளர்த்துப் பார்த்தார்கள். 1953ல் கார்னெகி நிறுவனம் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. பசிக்கிற உலகத்துக்குப் பாசிப் புரதம் என்பது கனவு. வெப்பமண்டல நாடுகளில் வெயில் சும்மா கிடக்கிறது, ஜனங்களும் பசியோடு கிடக்கிறார்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டால் தீர்ந்தது என்ற மாதிரியான சிந்தனை. அடர்ந்து வளர்ந்த பாசிக் குழம்பில் மேல் அடுக்கு ஒளியில் திணறும்போது சில அங்குலம் கீழே இருட்டாகிவிடுகிறது என்பதும், கலக்கிக்கொண்டே இருக்கவும், கார்பன் கொடுக்கவும், வடித்துக் காயவைக்கவும் பணமும் ஆளும் வேண்டும் என்பதும் பிறகு தெரியவந்தன. இங்கே 1973ல் மைசூர் மத்திய உணவு ஆய்வு நிலையம் ஜெர்மானிய உதவியோடு செனடெஸ்மஸ் வளர்த்தது. இரண்டாயிரங்களில் அதே கனவு எரிபொருள் வேஷம் கட்டி வந்தது. 2009ல் ஆர்ப்பாட்டமாகப் பாசி டீசலில் இறங்கிய எக்ஸான்மொபில் 2023ல் கைகழுவிக்கொண்டது.

இவர்களில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். தரமணி முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தை நடத்திய சி.வி. சேஷாத்ரி கிராமத்துப் பெண்கள் தங்கள் வீட்டளவில் ஸ்பைருலினா (இது நீலப்பச்சை வகை) வளர்க்கும் முறைகளை உருவாக்கப் பார்த்தார். 1995ல் இறந்துபோனார். ஆற்றல் பற்றிய நவீன அறிவியலின் வரையறையே உலைக்களத்தையும் எஞ்சினையும் உயர்ந்ததாகவும், வெயில், மழை, சாணம் போன்ற மிதமான வெப்பநிலைச் செயல்களைத் தாழ்ந்ததாகவும் வைக்கிறது என்பது அவருடைய வாதம். வெப்பவியலுக்குள் அதிகாரம் இருக்கிறது என்று சொன்ன பொறியாளர்! பாசியின் தெவிட்டுநிலை அவர் வாதத்துக்குப் பக்கபலம் என்றே நினைக்கிறேன். ஒளி அதிகமானால் நல்லது என்பது கொதிகலன் பார்வை. பாசிக்கு வேண்டியது கொஞ்சம், நிதானமாக. அவருடைய ஸ்பைருலினா சத்துணவு மாத்திரையாக நகரத்து மருந்துக்கடைக்குப் போனதைப் பற்றி என்னத்தைச் சொல்ல.

திருவள்ளூருக்குத் திரும்புவோம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944ல் திறக்கப்பட்டது. 1983 ஒப்பந்தப்படி வரவேண்டிய கிருஷ்ணா தண்ணீர் 1996ல் அங்கே வந்து சேர்ந்தது, கண்டலேறுவிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் திறந்த கால்வாயில், வெயிலில் காய்ந்துகொண்டே. 1914ல் ஏழெட்டு மைல் வாய்க்காலை மூடிப் பெருமைப்பட்ட பட்டணம், எண்பது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் திறந்த வாய்க்காலுக்கே வந்தது. 2017ல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க ஓர் அமைச்சர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டபோது தமிழ்நாடே சிரித்தது. ஆனால் 2015ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கருப்புப் பந்துகளை மிதக்கவிட்டு ஒளியை மறைத்ததை யாரும் கேலி செய்யவில்லை, 'தொழில்நுட்பம்' என்றார்கள்.

2020 நவம்பரில் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய்கண்டிகை ஏரியையும் இணைத்துச் சென்னையின் ஐந்தாவது குடிநீர்த் தேக்கம் திறக்கப்பட்டது. 1872ல் புழலுக்கு நடந்தது இங்கே இரண்டு கிராமத்து ஏரிகளுக்கு நடந்திருக்கிறது. அதே தேர்வாய்கண்டிகையில்தான் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலமும் காடும் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பட்டன. பெரும்பாலும் தலித்துகளான ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். எங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் தருவது இந்தக் காடுதான் என்று சொன்னார்கள். 2012ல் அந்தப் புகார் பிரான்சு வரைக்கும் போயிற்று. ஏரியின் பச்சை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் பாசியியல் வார்த்தை இருக்கவில்லை. ஆனால் கைகாட்டிய திசை சரி. ஏரிக்குள் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை மாற்றுகிறவர்கள் யாரும் இல்லை. ஏரிக்குள் எந்த நிலத்தின் தண்ணீர் வழிகிறது என்பதை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு விலாசமும் இருக்கிறது.

கொசஸ்தலையாறு பூண்டியில் முடிந்துவிடுவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அங்கே கதை தலைகீழ். வடசென்னை அனல்மின் நிலையம் 1994ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. சாம்பலைக் குழம்பாக்கிக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தும் கசிந்தும் ஆற்றில் கலந்த சாம்பலைப் பற்றி மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். சாம்பல் தண்ணீருக்குள் ஒளியை நிறுத்திவிடும். அடியில் படிந்தால் சேற்றின்மேல் தோல்போல் வளரும் நுண்பாசியை மூடிவிடும். இறாலின் குஞ்சுகளுக்கும் நண்டுக்கும் சாப்பாடு அந்தத் தோலில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது அதன் மேலே இன்னொரு மூடி விழுந்தது. மேல்கரையில் பாசி வந்ததற்கு வெயிலைக் கைகாட்டுகிறார்கள். கீழ்க்கரையில் வெயில் உள்ளே போகாமல் போனதைப் பற்றிப் பேசும்போது யாருடைய வாயிலும் வெயில் வருவதில்லை.

அந்தக் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வலையில்லாமல், அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடி எப்படியிருக்கிறது என்பது அவர்களுக்கு விரலில் தெரியும்: எங்கே வழவழப்பான சேறு, எங்கே சிமெண்டுபோல் இறுகின சாம்பல் என்று இடம் இடமாகச் சொல்கிறார்கள்.